அகர வரிசையில் முதல் பெயர்

அன்பு மகனுக்கு,

எழுத்து கோணிக் கோணிப் போகிறதே என்று பார்க்காதே. வலக் கண்ணில் படலம் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. இடக் கண் ஒன்றே இரண்டு பேர் வேலையைச் செய்கிறது. கோணல் எழுத்து எழுதிய பிள்ளைகளின் கைமுட்டியில் பிரம்பால் தட்டித் தட்டியே முப்பது வருஷத்தை ஓட்டியவள் நான். இப்போது என் வரியே மேட்டில் ஏறுகிறது, பள்ளத்தில் இறங்குகிறது. அந்தப் பிள்ளைகளில் யாராவது பார்த்தால் வயிறு குலுங்கச் சிரித்துக்கொள்ளட்டும். வேறொருவரை வைத்து எழுதச் சொல்ல முடியாத கடிதம் இது, ஆகையால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. இதற்குள் மூன்று முறை பதில் எழுதத் தொடங்கி மூன்றையும் கிழித்துப் போட்டேன். கொழும்பில் அச்சுக்கூட வேலை முடிந்தபின் நீயும் உன் சிநேகிதர்களும் கூடி, எங்கோ குளிர்தேசத்துப் பெரியவர் ஒருவர் எழுதியதை வாசிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். ராஜாவும் வேண்டாம், கலெக்டரும் வேண்டாம், ஒரு பட்டணம் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும், தெருவோடு தெரு பேசி, ஊரோடு ஊர் கைகோத்துக் காரியம் பார்க்கும் என்று அவர் சொல்கிறாராம். அதை வாசித்தபோது உனக்கு நம் தச்சநல்லூர்த் தெருவின் எட்டு நாள் ஞாபகம் வந்ததாம். 'அவர் சொன்னதை நம் தெரு செய்தே காட்டியதல்லவா அம்மா? பினாங்குக்குக் கப்பல் ஏறும் முன் அதை ஒரு சின்னப் புஸ்தகமாக அச்சிட்டுவிட்டுப் போகிறேன். தலைவர் அருணாசலத்தின் சரித்திரமாக அது இருக்கவேண்டும். தெரிந்ததையெல்லாம் எழுது' என்று கேட்டிருக்கிறாய்.

எழுதுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்ததில் உன் புஸ்தகத்துக்கு ஆகாதது கொஞ்சம் இருக்கிறது. அருணாசலம் அண்ணாச்சி தலைவர் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. அவரைத் தலைவராக்கியது உன் அம்மா. மேடையில் ஏற்றி மாலை போட்டு ஆக்கவில்லை. ஒரு காகிதத்தில், சிவப்பு மையில், அவர் வேண்டாம் என்று சொல்லியும் ஆக்கினேன். அதனால்தான் அவர் ஜெயிலுக்குப் போனார். ஜெயிலிலிருந்து கொண்டுவந்த இருமலோடுதான் செத்தார். இதை இத்தனை வருஷமாக நான் உன்னிடமும் சொல்லவில்லை, அவர் பெண்சாதி இசக்கியம்மாளிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரோடும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லும்போது இந்த ஒன்றை மட்டும் வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவேன்.

நீ அப்போது பாளையங்கோட்டை போர்டிங்கில் இருந்தாய், உனக்குத் தெரிந்ததெல்லாம் பிறகு கேட்ட கதை. ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன். அண்ணாச்சி வாடகை வண்டிக்காரர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். வள்ளியூர்ச் சந்தையிலிருந்து வாழைத்தாரும் மிளகாயும், உவரியிலிருந்து கருவாடும் ஏற்றி வருவார். ஆறேழு வண்டிகள் ஒன்றாகச் சேர்ந்துதான் பாதையில் வரும். அதில் அவர் வண்டி எப்போதும் கடைசி வண்டி. "ஏன் அண்ணாச்சி, உங்கள் மாடுகள் நல்ல மாடுகள்தானே, முன்னால் ஓட்டினால் என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன். "முன்னால போறவனுக்கு ரோடு மட்டுந்தான் தெரியும் வாத்தியாரம்மா. கடைசில வாறவனுக்குத்தான் அத்தன வண்டியும் தெரியும்" என்றார். எந்த வண்டியில் மூட்டை சரிகிறது, எந்த அச்சில் எண்ணெய் வற்றிக் கிறீச்சிடுகிறது என்று பார்த்துக் குரல் கொடுப்பது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலை அல்ல, அவராக எடுத்துக்கொண்டது. பத்துப் பேர் முன்னால் நிற்கச் சொன்னால் அவருக்குக் கால் கூசும்.

அந்த வருஷம் பங்குனி வெயிலில் பட்டணத்தில் கலகம் மூண்டு ஆபீஸ்கள் எரிந்ததை நீயும் போர்டிங்கிலிருந்தே பார்த்திருப்பாய். தச்சநல்லூருக்கு அதன் புகைதான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து முனிசிபாலிட்டி ஆளோ, வாய்க்கால் காவலாளோ, சேவகனோ ஒருவர்கூட எங்கள் தெருப் பக்கம் தலைகாட்டவில்லை. பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். காவலாள் ஓடிய அவசரத்தில் மடைப் பலகையைத் தூக்காமலே போய்விட்டான். இரண்டாம் நாளே படித்துறையில் சேறுதான் மிச்சம். தெருவில் உள்ளவர்கள் வண்டிப்பேட்டையில் கூடினார்கள். யாரும் கூட்டவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போகாமல் நின்றார்கள், அவ்வளவுதான். "சர்க்கார் மடைல்லா, யாருவே தொறக்கது?" என்று ஆண்பிள்ளைகள் முழித்துக்கொண்டு நின்றபோது இசக்கியம்மாள் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "தாகம் எடுக்குதது சர்க்காருக்கா, நமக்கா?" நாலு பேர் போய்ப் பலகையைத் தூக்கினார்கள்.

தூக்கியவுடன் கீழத்தெருக்காரர்கள் கம்போடு வந்துவிட்டார்கள். மடை எங்கள் கையில் இருந்தால் அவர்களுக்கு ஒரு சொட்டும் வராது என்று பயம். நியாயமான பயந்தான். அப்போதும் இசக்கியம்மாள்தான் சொன்னாள்: "மொதல்ல கடைசித் தெருவுக்கு விடுங்க. நம்ம வாசலத் தாண்டித்தான அங்கன போவணும்? தண்ணி போவுதது நம்ம கண்ணுக்குத் தெரியும். அவங்களுக்கு வரலன்னா நமக்குத் தெரியாதுல்லா." வந்தவர்கள் கம்பைக் கீழே போட்டுவிட்டு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். மறுநாள் முதல் ஒவ்வொரு தெருவும் காலையில் ஒரு ஆளை மடைக்கு அனுப்பும். இன்று போனவர் நாளைக்குப் போகக்கூடாது. போகிறவர் தெரு சொன்னதைச் சொல்லி, அங்கே சொன்னதைக் கேட்டு வரவேண்டும், தானாக ஒன்றும் தீர்மானிக்கக் கூடாது. பலசரக்குக் கடைக்கார அண்ணாச்சி ஒரு நாள் போனவர், போன இடத்தில் அம்மன் கோயில் கொடை நடத்துவதைப் பற்றியும் ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். "உம்மத் தண்ணி பத்திப் பேசத்தானவே அனுப்புனோம், கொடையப் பத்தி எவன்வே பேசச் சொன்னான்?" என்று தெருவே சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பேன், அதைக் கண்ணால் பார்த்தது அந்த நாட்களில்தான். உன் குளிர்தேசத்துப் பெரியவர் சொல்வது பொய் இல்லை, மகனே. நான் சாட்சி.

ஆனால் தண்ணீர் பங்கிடுவது லேசு. அது எல்லாருக்கும் வேண்டியது. நாலாம் நாள் வாறுகாலில் சாக்கடை அடைத்துக்கொண்டு தெரு நாற ஆரம்பித்தபோதுதான் எங்கள் யோக்கியதை தெரிந்தது. வாறுகாலை அள்ளும் குடும்பங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தன. கலகத்தன்று அடி வாங்கி, பயந்து, உறவுக்காரர்களிடம் போய்விட்டார்கள். அவர்கள் எப்போது வருவார்கள் என்றுதான் நாங்கள் கேட்டோமே தவிர, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெபமும் வேதமும் படித்த நானும் கேட்கவில்லை. உன் புஸ்தகத்தில் இதை விட்டுவிடாதே. எங்கள் எட்டு நாள் ராஜ்ஜியத்தில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

கடைசியில், அவரவர் தெரு நாற்றத்தை அவரவரே அள்ளுவது என்று ஆயிற்று. முறை வைக்கக் குலுக்கல். வீட்டுக்கு ஒரு அடையாளத்தை ஒரு கலயத்தில் போடவேண்டும். ஒருவர் கொட்டைப்பாக்கு, ஒருவர் சோழி, ஒருவர் சட்டைப் பொத்தான். அருணாசலம் அண்ணாச்சி வண்டி அச்சாணியைக் கொண்டுவந்தார். "கலயத்துல கைய விட்டதுமே உம்ம அச்சாணிதான்வே மாட்டும், தெனமும் நீரே அள்ளுவீரு" என்று சிரித்தார்கள். பிறகு மாட்டுக் கழுத்துச் சலங்கையில் ஒரு மணியைக் கழற்றிப் போட்டார். நான் சிலேட்டுக் குச்சி ஒன்று போட்டேன். காலையில் யாராவது ஒருவர் கையை விட்டு இரண்டு அடையாளம் எடுப்பார்கள், அந்த இரண்டு வீடும் அன்றைக்கு மண்வெட்டி எடுக்கவேண்டும். எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இரண்டு நாள் அப்படியே நடந்தது. முதல் நாளே என் குச்சி வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் வாறுகால் அள்ளினேன், நம்புகிறாயா?

ஆறாம் நாள் கொட்டைப்பாக்கு வந்தது. அது கடைக்கார அண்ணாச்சியுடையது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எம் பாக்கு இல்ல, எம் பாக்குல கோடு கிடக்கும்" என்றார். பொய் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. வகுப்பில் ஒரு பிள்ளை எல்லார் முன்னாலும் கூசாமல் பொய் சொன்னால் எனக்கு வருமே, அதே கோபம். அருணாசலம் அண்ணாச்சி மட்டும் சிரித்துக்கொண்டே, "விடுங்க. பைய வருவாரு. வாறுகால் நாறுனா மொதல்ல அவரு கடைக்குத்தான நாறும்?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். நான் சிரிக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன்.

பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸ் தாளில் ஒன்று எடுத்தேன். ரூல்தடி வைத்துக் கோடு போட்டேன். எந்த நாள், யார், என்ன வேலை என்று எல்லாக் குடும்பத்துப் பெயரையும் முத்து முத்தாக எழுதினேன். யாருக்கும் பட்சபாதம் காட்டியதாக ஆகிவிடக்கூடாதென்று பள்ளிக்கூடப் பதிவேட்டைப் போலவே அகர வரிசையில் எழுதினேன். அருணாசலம் முதலில் வந்தார். என் பெயர் அதில் இல்லை. பதிவேட்டில் வாத்தியார் பெயர் இருக்குமா என்ன? எழுதி முடித்துப் பார்த்தபோது ஏதோ குறைவது போல் இருந்தது. வாத்தியார் இல்லாத நேரத்தில் வகுப்பை அடக்கிவைக்க ஒரு பெரிய பிள்ளையை நியமித்து, அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் சட்டாம்பிள்ளை என்று எழுதுவது என் வழக்கம். சந்தேகம் என்றால் யாரிடம் போய்க் கேட்பார்கள், ஒருவர் வேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, முதல் பெயருக்கு நேரே அதையும் எழுதினேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலமே கொண்டுபோய் வண்டிப்பேட்டைத் தூணில் ஆணி அடித்து மாட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் கடைக்கார அண்ணாச்சி மண்வெட்டியோடு வந்தார். மெய்யாகத்தான் சொல்கிறேன், தானாக வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்குமுன் அள்ளிவிட்டுப் போகலாம் என்று வந்தவர் தூணில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும். அவர் பெயருக்கு நேரே அன்றைய தேதிதான் இருந்தது, நான் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தேன். "ஓகோ, உத்தரவு போட்டாச்சா? நான் என்னமோ நானா வந்தேன்னுல்லா நெனச்சேன்" என்றார். அள்ளத்தான் செய்தார். ஆனால் அன்று யாரும் கலயத்தைத் தொடவில்லை. எல்லாரும் வந்து காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர், மற்றவர்கள் அந்த நாலு பேர் முகத்தைப் பார்த்து நின்றார்கள். ஆறு நாளும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த தெரு ஒரே நாளில் தூணைப் பார்த்து நிற்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அன்று பெருமையாக இருந்தது. தெரு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் அருணாசலம் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாத்தியாரம்மா, எம் பேரத்தான் மொதல்ல போட்டிருக்கியளாம். செகப்புல வேற என்னமோ எழுதியிருக்காம். அத அழிச்சிருங்க. நான் கடைசி வண்டிக்காரன்."

"உங்கள் பெயர் அகரத்தில் ஆரம்பித்தால் நான் என்ன செய்வேன் அண்ணாச்சி? உங்கள் அப்பாவிடம் போய்க் கேளுங்கள்" என்று சொல்லிச் சிரித்தேன்.

"பேரு கெடக்கட்டும். அந்தச் செகப்பு எதுக்கு?"

"யாராவது கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

"பதில் சொல்லுததுக்கு ஒருத்தன் இருந்தா, கேள்வி கேக்குதவன் வந்துருவாம்லா" என்றார். வண்டிக்காரரின் பயத்தைப் பார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பார்க்கலாம் என்றேன். சிவப்பு மையை அழிக்க ஒரு நிமிஷம் போதும். கத்தி முனையால் சுரண்டினால் போய்விடும், பள்ளிக்கூடத்தில் தினமும் செய்கிற காரியந்தான். செய்யவில்லை. அழித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று நினைத்தேன். மகனே, கூசாமல் சொல்கிறேன், இதுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் காலையில் வெளியூர்ப் போலீஸ் வந்தது. குடம் எடுத்துக்கொண்டு போன பெண்களையும் சேர்த்து வண்டிப்பேட்டையில் நிறுத்தினார்கள். நானும் நின்றேன். இன்ஸ்பெக்டர் தூணிலிருந்து காகிதத்தைக் கிழித்து எடுத்து வாசித்தார். வெறும் கலயமும் பாக்கும் சோழியும் இருந்திருந்தால் எதைக் கிழித்திருப்பார், எதை வாசித்திருப்பார்? "யார்டா இந்த அருணாசலம்?" என்றார். அண்ணாச்சி முன்னால் வந்தார். கால் கூசும் என்றேனே, அந்த மனுஷன் அன்றைக்குத்தான் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார். "நீதான் இவங்களுக்குத் தலைவனா?" "எங்களுக்கு அப்படி யாரும் இல்லீங்க." "பிறகு இது என்னடா? இதை எழுதினது யார்?"

என் வலது ஆள்காட்டி விரலில் சிவப்பு மை இருந்தது. சோற்றுக் கையில் மை படக்கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், என் விரலில் அது காயாமல் இருந்தது போல் எனக்குத் தோன்றியது. கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். எழுதியது நான் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். கடைக்கார அண்ணாச்சிக்கும் தெரியும். என்மேல் அவருக்கு இருந்த கோபத்துக்கு அவர் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அவர் வாயைத் திறக்கவில்லை, ஒருவருமே திறக்கவில்லை. அருணாசலம் அண்ணாச்சி என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. எழுதுனவன் ஊர விட்டுப் போயிட்டான்." கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. நான் முந்தானைக்குள் விரலைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

கோர்ட்டில் அந்தத் தாளைத்தான் காட்டினார்கள். முதல் பெயர், சிவப்பு மை, சட்டாம்பிள்ளை என்ற சொல். சர்க்கார் வக்கீல் மூன்றையும் சேர்த்து, கூட்டத்துக்குத் தலைவன் இவன், மடையைத் திறக்கச் சொன்னவன் இவன் என்றார். மூன்று வருஷம் கிடைத்தது. நான் போய்ச் சாட்சி சொல்லியிருக்கலாம். போவதா என்று பள்ளிக்கூடத்துத் துரைசானியிடம் கேட்டேன். போனால் ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் ஜெயிலுக்குப் போவீர்கள் என்று அவள் சொன்னாள். மனசறிந்து சொல்கிறேன், அவள் சொல்லித்தான் நின்றேன் என்பது பொய். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரவேண்டும் என்றுதான் அவளிடம் போனேன். தகப்பன் இல்லாத பிள்ளை, என் வேலை போனால் அவன் படிப்பு என்ன ஆகும் என்று உன்னைச் சாக்காக வைத்ததும் நான்தான். எய்யா, அந்தப் பாரம் உன்னுடையது அல்ல, அதை நீ சுமக்காதே. நீ கேட்காமலே உன் பெயரை அதிலும் நான்தான் எழுதினேன்.

அவர் திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தார். மாடுகளை இசக்கியம்மாள் விற்றுச் சாப்பிட்டிருந்தாள். வாசலில் நின்று உன்னைத்தான் முதலில் விசாரித்தார், பையன் பரீட்சை பாஸாகிவிட்டானா என்று. பிறகு, "இப்பவும் முறை உண்டுமா?" என்றார். வாறுகால் முறை போய்விட்டது, முனிசிபாலிட்டி பழையபடி வந்துவிட்டது. மூன்று வீடுகளுக்கு இடையே தண்ணீர் முறை மட்டும் இருக்கிறது என்றேன். ஒரு நாள் இசக்கி, ஒரு நாள் நான், ஒரு நாள் கடைக்கார அண்ணாச்சி வீட்டம்மாள். மூன்று வீட்டுக் குடத்தையும் அன்றைக்கு முறைக்காரி நிரப்பி வாசலில் வைக்கவேண்டும். "அது போதும்" என்றார். அந்தச் சிவப்பு மையைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. அவர் கேட்பார் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். ஐப்பசி மழையில் இருமி இருமி அடங்கிவிட்டார். என்னைக் கேள்வி கேட்கிறவர் இல்லாமல் போனார்.

உன் புஸ்தகத்துக்கு வருகிறேன். சர்க்கார் என்பது ஆபீஸ் கச்சேரியில் மட்டும் இருப்பது என்று நீங்கள் எழுதினால் அது பாதி உண்மைதான். அது என் ரூல்தடியிலும் மைக்கூட்டிலும் இருந்தது. கடைக்காரர் ஒரு ராத்திரி தாமதமாக நல்லவராவதைப் பொறுத்துக்கொள்ள முடியாத என் ஆத்திரத்தில் இருந்தது. கச்சேரியை எரித்தவர்கள் அதை எரிக்கவில்லை. நாளைக்கு உங்கள் கூட்டத்தில் யாராவது வராமல் இருந்தால், பொய் சொன்னால், ஒரு நாள் பொறு. அவன் வராமலே போகவும் கூடும், அது எனக்குத் தெரியாது. எங்கள் கதையில் அவர் வந்தார். அண்ணாச்சியைத் தலைவர் என்று ஒரு இடத்திலும் அச்சிடாதே. போலீஸும் கோர்ட்டும் அவரைப் பற்றிச் சொன்ன பொய்யை நீ பூ வைத்துத் திரும்பச் சொல்வதாக ஆகும். கடைசி வண்டிக்காரர் என்று போடு. பெயர்கள் போடுவதானால் எல்லார் பெயரையும் போடு. அச்சில் எப்படிக் கோத்தாலும் ஒரு பெயர் மேலே வந்துதான் தீரும், அது எனக்குத் தெரியாததா? அப்படி ஒன்று மேலே வந்தே ஆகவேண்டுமென்றால் அது என் பெயராக இருக்கட்டும். நேரே நான் செய்ததையும் போடு.

இதுவரை எழுதியதை நாலு நாளைக்கு முன் இசக்கியம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உனக்குச் சொல்வது இன்னொரு திருட்டுத்தனம் என்று பட்டது. அவள் என் வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். சிவப்பு மையைப் பற்றிய இடம் வந்ததும் சுளகு நின்றுவிட்டது.

"நீங்க அழிக்க மறந்துட்டியன்னுல்லா அவுக சொன்னாக" என்றாள்.

சாகிறவரை அப்படித்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார். "நான் மறக்கவில்லை இசக்கி" என்றேன்.

"அவுக வந்து கேட்டப்ப நீங்க என்ன சொன்னிய?"

"சிரித்தேன்."

"சிரிச்சிய" என்றாள். அவ்வளவுதான். சுளகில் இருந்த அரிசியை ஓலைப்பெட்டியில் கொட்டினாள், எழுந்து அவள் வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்தவும் இல்லை.

இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்: என் கண் மங்கிய நாளிலிருந்து என் தண்ணீர் முறையையும் அவள்தான் எடுத்துவந்தாள். படிக்கட்டில் விழுந்து வைப்பிய, பேசாம இருங்க என்று என் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கிக்கொள்வாள். ஒரு வருஷமாக அப்படி. நான் வாசித்துக் காட்டிய மறுநாள் அவள் முறை. வாசலைத் திறந்து பார்த்தேன், என் குடம் கழுத்துவரை நிறைந்து இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் வெளியே வரவில்லை. அதற்கு அடுத்த நாள் என் முறை. வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். மூன்று வீட்டுக் குடமும் காலியாகவே இருந்தது. அவள் குடம் அவள் வாசலில் வாய் மேலே பார்க்க இருந்தது. என் முறையை என்னிடமே கொடுத்துவிட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது.

கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். படித்துறையில் கால் தேடித் தேடி இறங்கினேன். மூன்று நடை நடந்தேன், ஒவ்வொரு நடைக்கும் அரைக் குடத்துக்கு மேல் என்னால் தூக்க முடியவில்லை. அவள் வாசலில் வைத்தபோது அவள் உள்ளேயிருந்து வந்து குடத்தைப் பார்த்தாள். அரைக் குடம். உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து, வெறுங்குடத்தைக் கழுவிக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள்.

நேற்றுக் கடைக்காரர் வீட்டு முறை, இன்றைக்கு அவளுடையது. என் குடம் நிறைந்திருக்கிறது. நாளைக்கு என் முறை, விடியுமுன் போனால் வெயிலுக்கு முன் இரண்டிரண்டு நடையாக முழுக் குடமும் நிரப்பிவிடலாம் என்று நினைக்கிறேன்.

உன் அம்மா